பன்னிரண்டாவது ஆள் வந்தால் படகு கிளம்பும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டி

சிங்கப்பூரில் வந்து இறங்கியவர்கள் முதல் மூன்று ஞாயிறுகளை எப்படிக் கழிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதல் வாரம் மெர்லயன் சிலைக்கு முன்னால் நின்று, அது கக்கும் தண்ணீரை வாயில் பிடிப்பதுபோல் ஒரு படம். அடுத்த வாரம் மரினா பே சாண்ட்ஸ் பின்னால் தெரிய இன்னொரு படம். மூன்றாவது வாரம் முஸ்தபா சென்டரில் ஊருக்குக் கொடுத்தனுப்பத் தைலமும் சாக்லேட்டும். நான்காவது ஞாயிறு அறையில் மல்லாந்து படுத்து, சுற்றும் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த நான்காவது ஞாயிற்றுக்கானது. போக வேண்டிய இடம் புலாவ் உபின். சிங்கப்பூரின் வடகிழக்கில், சாங்கிக்கு எதிரே, ஏறக்குறைய பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. அடுக்குமாடி கிடையாது, ரயில் கிடையாது. தென்னை, சேவல், தகரக் கூரை வீடு, செம்மண் பாதை எல்லாம் உண்டு. கேளிக்கைத் தீவான செந்தோசாவுக்குப் போகலாமே என்பார்கள். செந்தோசா எங்கேயும் ஓடிவிடாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது அதற்கு வேலை இருக்கிறது.

முதல் படி: ஆள் சேர்ப்பது

நான்கு பேர். மூன்று பேர் என்றால் இருவர் பேசிக்கொண்டிருக்க ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து ஏன் கூடாது என்பதை மாலையில் சொல்கிறேன். நாங்கள் முதல் முறை போனபோது ஐந்து பேர்: புதுக்கோட்டை அண்ணன், மன்னார்குடிக்காரர், தேனித் தம்பி, என் அறைத்தோழர், நான்.

நால்வரில் ஒருவராவது பழைய ஆளாக இருக்கட்டும். எங்களுக்கு அது புதுக்கோட்டை அண்ணன்; பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறார். எந்தப் பேருந்து எங்கே போகும், எந்த உணவுக்கடையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பழைய ஆள் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நாள் ஞாயிறுதான் என்பதில் பேச்சே இல்லை. கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது அன்றுதான். கூட்டம் இருக்கும். இருக்கட்டும், கூட்டம் இருந்தால்தான் படகு சீக்கிரம் கிளம்பும்.

இரண்டாம் படி: சனிக்கிழமை இரவு

சாப்பாடு கட்டிக்கொள்வது உங்கள் விருப்பம். வாடகை அறையில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். அறை விடும்போது பல வீட்டுக்காரர்கள் 'லேசான சமையல் மட்டும்' என்று ஒரு நிபந்தனை வைப்பார்கள். முட்டை வேகவைப்பது லேசான சமையல். புளியோதரை லேசான சமையலா? நாங்கள் லேசானது என்றுதான் முடிவு செய்தோம். விடிகாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, எண்ணெயில் கடுகையும் காய்ந்த மிளகாயையும் போட்டோம். ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கார அம்மா இருமிக்கொண்டே வந்து சமையலறை வாசலில் நின்றார். நாங்கள் கண்ணில் நீர் வழிய நின்றதைப் பார்த்து, ஊரில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். உங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். தாளிப்பைச் சனிக்கிழமை மாலையே முடித்துவிடுங்கள்.

இரவே எடுத்து வைக்க வேண்டியவை: வேலை அட்டை, தண்ணீர், தொப்பி, கொசுவுக்குப் பூசும் மருந்து, சில்லறை. சில்லறை முக்கியம். ஊரெங்கும் கட்டண அட்டையைத் தட்டியே பழகியவர்கள் இரண்டு வெள்ளித் தாளைப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். (டாலர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே தமிழில் வெள்ளி, காசு.) படகுக்காரர் பணத்தைக் கையில்தான் வாங்குவார்.

கடல் எப்போது வற்றும் என்பதையும் அன்றிரவே பார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை இணையத்தில் கிடைக்கும். செக் ஜாவா என்னும் கடலோரத்தைப் பார்க்கப் போகிறோம். நீர் வற்றியிருந்தால்தான் அங்கே பார்க்க ஏதாவது இருக்கும்.

விடியல் கணக்கும் வேறு. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். ஆறு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்து, 'இன்னும் நடு இரவு' என்று திரும்பப் படுத்துவிடாதீர்கள். தேனித் தம்பி படுத்தார். அவரை எழுப்ப இருபது நிமிடம் ஆனது.

மூன்றாம் படி: சாங்கிக்குப் போவது

பச்சைத் தடத்தில் தானா மேரா நிலையம் வரை ரயில். அங்கே இறங்கி 2ஆம் எண் பேருந்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். பேருந்து வருவதைப் பார்த்ததும் கையை நீட்டுங்கள். நிறுத்தத்தில் நிற்கிறோமே, தானாக நிற்காதா என்று இருந்தால் பல சமயம் நிற்காது.

ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 வெள்ளி வரை அபராதம். தண்ணீரும் அதில் அடக்கம். கடும் வாசமுள்ள டுரியான் பழத்துக்கு அனுமதியே இல்லை. பலாப்பழத்துக்குத் தனியாகப் படம் போட்டுத் தடை சொல்லவில்லையே என்று மன்னார்குடிக்காரர் ஒருமுறை வாதம் செய்தார். அவரை அழைத்துப் போனால் இப்படி நாள் முழுக்க வாதம் கேட்கலாம்.

ஏறும்போது கட்டண அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும். பேருந்திலிருந்து இறங்கும்போதும் தட்ட வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: காலைச் சாப்பாடும் ஒரு புதிய மொழியும்

பேருந்து நிலையத்தை ஒட்டியே உணவங்காடி நிலையம் இருக்கிறது. நாசி லெமாக் சாப்பிடுவதற்கென்றே சிங்கப்பூரின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த கோழி, நெத்திலி, சம்பால். காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும்.

இங்கேதான் நான் மானத்தை விட்டேன். கூட்டத்தைப் பார்த்ததும் அண்ணன், "நீ போய் ஒரு மேசையைச் சோப் செய்துவிட்டு வா, நாங்கள் வரிசையில் நிற்கிறோம்" என்றார். மேசை கொஞ்சம் பிசுபிசுப்பாகத்தான் இருந்தது. துப்புரவு செய்யும் சீனப் பாட்டியிடம் போய்க் கையால் தேய்த்துக் காட்டிச் சோப்பும் துணியும் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நான் ஏதோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் என்று எண்ணினாரோ என்னவோ, ஒரு வாளியையே கொடுத்துவிட்டார். அண்ணன் தட்டோடு வந்தபோது நான் மூன்றாவது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

'சோப்' என்றால் இங்கே இடம் பிடிப்பது. நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். துண்டுக்குப் பதில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம். மேசைமேல் ஒரு பொட்டலம் கிடந்தால் அங்கே உட்காரக் கூடாது, அதை எடுத்து மூக்கும் சிந்தக் கூடாது.

அடுத்தது காப்பி. வெறுமனே 'கோப்பி' என்றால் டப்பாப் பாலும் சர்க்கரையும் சேர்ந்து வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டப்பாப் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் பின்னால் 'கொசோங்' சேருங்கள். மலாயில் வெறுமை என்று பொருள். குறைவாக வேண்டும் என்றால் 'சியூ டாய்', ஐஸ் போட்டால் 'பெங்'. 'காவ்' என்றால் திக்காக, 'போ' என்றால் நீர்க்க. என் அறைத்தோழர் இரண்டாவது கோப்பை வேண்டாம் என்பதற்காகக் கடைக்காரரிடம் "கோப்பி போதும், கோப்பி போதும்" என்று இரண்டு தடவை சொன்னார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு இரண்டு 'கோப்பி போ' கொண்டுவந்து வைத்தார். தப்பு அவர்மேல் இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களேதான் எடுத்துக் கொண்டுபோய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரிலிருந்து இதில் கண்டிப்பு வந்துவிட்டது. முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம், மறுபடி மாட்டினால் 300 வெள்ளி.

ஐந்தாம் படி: படகு

சாங்கி பாயிண்ட் படகுத்துறை உணவங்காடியிலிருந்து கூப்பிடு தூரம். டிக்கெட் கிடையாது, நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி. அவசரம் என்றால் பன்னிரண்டு பேருக்கான 48 வெள்ளியையும் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து வைத்திருக்கும் இந்த ஊரில், ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேரும்வரை காத்திருக்கும் வண்டி ஒன்று இருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஐந்து பேர், கேமராவோடு ஒரு வயதான தம்பதி, ஒரே நிறச் சட்டை போட்ட நான்கு மாணவர்கள். மொத்தம் பதினொன்று. படகுக்காரர் மர இருக்கையில் உட்கார்ந்து விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒன்று குறைந்தது. டீசல் வாசம், பலகைக்கு அடியில் அலை தட்டும் சத்தம், தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் விமானம். எல்லோரும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னார்குடிக்காரர் கணக்குப் போட்டார்: மீதி 4 வெள்ளியைப் பதினோரு பேரும் பங்கு போட்டால் ஆளுக்கு 37 காசுகூட வராது, நாமே கொடுத்துவிடுவோம் என்றார். மாணவர்களிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். தம்பதியிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கையில் கோழித்தீவன மூட்டையோடு ஓர் அம்மாள் நிதானமாகப் படியிறங்கி வந்து ஏறி உட்கார்ந்தார். படகில் கைதட்டல். எதற்குக் கைதட்டுகிறோம் என்று அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம். அவ்வளவுதான்.

ஆறாம் படி: சைக்கிள்

துறையிலிருந்து நடந்து கிராமத்துக்குள் நுழைந்ததும் வாடகை சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும். நாள் வாடகை வண்டியின் தரத்தைப் பொறுத்து மாறும். மிக மலிவானதை எடுக்காதீர்கள். எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேனித் தம்பியே சாட்சி; அவருடைய செயின் அன்று ஏழு முறை கழன்றது. நான்காவது முறைக்குப் பிறகு அவர் கையைத் துடைப்பதையே நிறுத்திவிட்டார்.

வண்டியை வாங்கியதும் அங்கேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். கடையைத் தாண்டி ஐம்பது அடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள். கடைப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வையுங்கள், மாலையில் எல்லாக் கடையும் ஒன்றுபோலத் தெரியும். எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரிவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிப் பலகை வைத்திருக்கும் இடங்களில் இறங்கித் தள்ளுங்கள். நாற்பது வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போவது அழகாக இருக்காது.

வழியில் ஆழமான பச்சைக் குளங்கள் தென்படும். அவை இயற்கை ஏரிகள் அல்ல; கல்குவாரிகள். உபினின் கருங்கல்லில்தான் 1851ல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழும்பியது. மலேசியாவின் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. குவாரிகள் மூடப்பட்டன, பள்ளத்தில் மழைநீர் நின்றது, கொக்கும் நாரையும் வந்து குடியேறின. கரையில் நின்று பாருங்கள். ஊர்க் கிணற்றில் குதித்த நினைப்பில் வேலியைத் தாண்டிவிட வேண்டாம்.

ஏழாம் படி: செக் ஜாவாவும் புளியோதரையும்

துறையிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மரப்பாலம். பாதி கடலோரமாக, பாதி அலையாத்திக் காட்டுக்குள். நீர் வற்றியிருந்தால் குனிந்து பாருங்கள். ஒரு கை மட்டும் பெருத்த நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சேற்றில் துடுப்பை ஊன்றி நடக்கும் மீன் கண்ணை உருட்டும். பக்கத்திலேயே ஜெஜாவி கோபுரம், இருபது மீட்டர் உயரம். ஏறி நின்றால் மரங்களின் தலை தெரியும். கொடுத்து வைத்திருந்தால் இருவாட்சி பறப்பதையும் பார்க்கலாம். சிங்கப்பூரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இல்லாமல் போயிருந்த அந்தப் பறவை 1994ல் இந்தத் தீவில்தான் மறுபடி கண்ணில் பட்டது.

இந்த இடத்தை மண் போட்டு நிரப்பிக் கடலை நிலமாக்கத்தான் திட்டம் இருந்தது. இங்கே என்னவெல்லாம் வாழ்கிறது என்று இயற்கை ஆர்வலர்கள் எடுத்துக்காட்ட, மக்களும் திரண்டு வந்து பார்த்துக் கோரிக்கை வைக்க, 2001 டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. நாம் நிற்கும் பலகை அந்தத் தள்ளிவைப்பின் மேல்தான் நிற்கிறது.

இப்போது புளியோதரை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் காட்டுப்பன்றிகள் உலவும், குரங்குகளும் வரும். இரண்டுக்கும் ஒரு விஷயம் தெரியும்: சரசரக்கும் பிளாஸ்டிக் பைக்குள் சாப்பாடு இருக்கிறது. எங்கள் புளியோதரை மன்னார்குடிக்காரரின் சைக்கிள் கூடையில், சிவப்புப் பிளாஸ்டிக் பையில் இருந்தது. மூடியிருக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது சைக்கிள் படுத்துக்கிடந்தது. ஒரு தாய்ப் பன்றியும் கோடு போட்ட குட்டிகள் நான்கும் டப்பாவைச் சுற்றி நின்று பந்தி சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. தாய் ஒரு வாய் எடுத்தது, நிமிர்ந்து எங்களைப் பார்த்தது, காய்ந்த மிளகாயை மட்டும் ஒதுக்கிவிட்டு மறுபடி குனிந்தது.

காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போகலாம். "நாம் கொடுக்கவில்லை, அது எடுத்துக்கொண்டது" என்று மன்னார்குடிக்காரர் உடனே வழக்குக்குத் தயாரானார். குட்டியோடு இருக்கும் பன்றியிடம் நியாயம் பேச முடியாது. பின்வாங்கி, சத்தம் போடாமல், அவை போகும்வரை நின்றோம். பிறகு சிதறியதையெல்லாம் பொறுக்கினோம். நீங்கள் சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டை அன்று கிராமத்துக் கடையில்தான் சாப்பிட்டோம். இளநீர் நன்றாக இருந்தது.

எட்டாம் படி: திரும்புவது, கணக்கு முடிப்பது

இருட்டுவதற்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். மாலையில் பன்னிரண்டு பேர் சேர்வது கடினம். அப்போதுதான் அந்த 48 வெள்ளிக் கணக்கு உண்மையிலேயே தேவைப்படும்.

பணக் கணக்கை அன்றைக்கே, படகிலேயே முடித்துவிடுங்கள். ஒருவரே எல்லாவற்றுக்கும் செலவழித்து எழுதிக்கொண்டே வரட்டும். மற்றவர்கள் அவர் கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் என்னும் பணம் அனுப்பும் வசதி வழியாக அனுப்பிவிடலாம். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சில் பிரிந்த நண்பர்களை எனக்குத் தெரியும். தொகை பதினொரு வெள்ளி. புளியோதரைச் செலவை என்ன செய்வது என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. சாப்பிட்டவர் கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை, ஆனால் அந்தப் பன்றி அம்மாவிடம் கைப்பேசி இல்லை.

சாங்கியில் இறங்கியபோது மழை கொட்டியது. டாக்சி பிடிக்கலாம் என்றார் அண்ணன். டாக்சியில் நான்கு பேருக்குத்தான் இடம். ஐந்தாவது ஆளை ஓட்டுநர் ஏற்றவே மாட்டார். கெஞ்சினாலும், குனிந்து உட்கார்கிறேன் என்றாலும், மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றாலும். நாங்கள் மூன்றையும் சொல்லிப் பார்த்தோம். சீட்டுக் குலுக்கியதில் மன்னார்குடிக்காரர் பெயர் வந்தது. குலுக்கிய முறை சரியில்லை என்று வாதாடிக்கொண்டே அவர் 2ஆம் எண் பேருந்தில் ஏறினார். ஏறும்போது அட்டையைத் தட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணயர்ந்து, தானா மேரா வந்ததும் திடுக்கிட்டு எழுந்து ஓடி இறங்கினார்.

இறங்கும்போது தட்டாவிட்டால், அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போகும் முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அதிகமாகப் போன காசை ஐந்தாக வகுத்திருந்தார்.